தொலைபேசிக்கும் வேலி வேண்டும்

தோட்டத்திற்கு வேலி அடைக்காமல் பயிர் வைப்பவர் எம்மிடையே எவரும் இல்லை. கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டி, படலையும் போட்ட பிறகுதான் கத்தரிக் கன்றை மண்ணில் வைப்போம். கட்டாக்காலி மாடு வரும் என்பதை எமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நாங்கள் சங்கத்திற்கோ, பாடசாலைக்கோ, பயிற்சி நிலையத்திற்கோ இணையத் தொலைபேசி பூட்டுகிறபோது வேலியைப் பற்றி நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. அதனால் வந்த வினையையும், அதன் பிறகு நான் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கைத்தொலைபேசியில் வாட்ஸ்அப், வைபர் மூலமாகக் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகளோடு பேசுகிறோமே, அதைப் பற்றியதல்ல இது. ஓர் அலுவலகத்தில் நாலைந்து மேசைகளுக்குத் தொலைபேசி வேண்டுமானால் நடுவில் ஓர் எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருக்கவேண்டும். 201ஐ அழுத்தினால் களஞ்சிய அறை, 202ஐ அழுத்தினால் கணக்காளர் என்று இணைத்துவிடுவது அந்தப் பெட்டிதான். சிறிய நிறுவனங்களுக்கு அதன் விலை நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. 1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், தான் தொடங்கிய சிறு கம்பனிக்கு அப்படியொரு பெட்டி வாங்கப் பணமில்லாத காரணத்தால், அந்த வேலையைச் சாதாரணக் கணனி ஒன்றே செய்யும்படி ஒரு மென்பொருளைத் தானே எழுதினார். அஸ்ரரிஸ்க் என்று அதற்குப் பெயர் வைத்து, எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டார். வசதியில்லாத ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த பொருள் என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. பழைய கணனி ஒன்றும், இணைய இணைப்பும், வெளி அழைப்புகளுக்கு இணையத் தொலைபேசிக் கம்பனி ஒன்றில் ஒரு கணக்கும் இருந்தால் போதும். தொலைபேசிச் சேவையகம் தயார். எம் பிள்ளைகளில் கணனி படித்தவர்கள் இதனை ஒரு நாளில் அமைத்துவிடுவார்கள்.

நான் முன்பு பொறுப்பாயிருந்த பயிற்சி நிலையம் ஒன்றிலும் அப்படித்தான் நடந்தது. அங்கே வேலை செய்த இளைஞர் ஒருவர் மூலையில் தூசி படிந்து கிடந்த கணனியைத் துடைத்து எடுத்து இதனை அமைத்தார். வேறு ஊரில் இருந்த எமது கிளை அலுவலகமும் அதே தொலைபேசியில் சேர்ந்துகொள்ளக்கூடியதாக இருந்தது. கடவுச்சொல் என்ன போடுவது என்று அவர் என்னைக் கேட்டார். “எல்லாருக்கும் ஞாபகம் நிக்கிறமாதிரி லேசாப் போடும் தம்பி” என்றேன். அவரும் 201க்கு 201, 202க்கு 202 என்றே போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். “பாதர், ராத்திரி முழுக்க ஆரோ தட்டிக்கொண்டு நிண்டிருக்கிறாங்கள்” என்றார். ஒரே மாதிரியான வரிகள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. இன்ன முகவரியிலிருந்து இன்ன இலக்கத்திற்கு நுழைய முயன்றார்கள், கடவுச்சொல் பிழை. அடுத்த வரியிலும் அதே, அதற்கடுத்ததிலும் அதே. “எங்களிட்ட என்ன இருக்கெண்டு வரப்போறாங்கள், விடும்” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். இன்று யோசித்தால் அந்த வார்த்தைதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது என்று அந்தத் தட்டுகிறவர்கள் கேட்பதில்லை. கணக்கில் இருக்கும் பணம் எமது சங்கத்துடையதா, பெரிய வங்கியுடையதா என்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

சில கிழமைகளின் பின் ஒரு சனிக்கிழமை இரவு அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வெளியே ஓர் அழைப்பு எடுக்கப் பார்த்தால் போகவில்லை. கணக்கைத் திறந்தால் மீதி எதுவுமில்லை. எமக்கு உறவோ தொடர்போ இல்லாத நாடுகளின் இலக்கங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அழைப்புகள் போயிருந்தன. போன பணம் சில ஆயிரம் ரூபா. அதற்குமேல் போகாததற்கு ஒரே காரணம், அந்தக் கணக்கில் அவ்வளவுதான் ரீலோட் செய்து வைத்திருந்தோம் என்பது. எங்கள் கெட்டித்தனம் எதுவும் எங்களைக் காப்பாற்றவில்லை; மடியில் பணம் இல்லாததுதான் காப்பாற்றியது. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். நான் சொல்லவரும் விடயமே இதுதான்.

எப்படி ஊகிக்கிறார்கள்?

இணையத் தொலைபேசிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறைக்குச் சிப் என்று பெயர். சேவையகத்தின் 5060 என்ற இலக்கமுடைய வாயிலில்தான் வழக்கமாக இந்தப் பேச்சு நடக்கும். ஒரு தொலைபேசி அந்த வாயிலுக்கு வந்து, “நான் 201. எனக்கு வரும் அழைப்புகளை இந்த இடத்திற்கு அனுப்பு” என்று பதிவு செய்யக் கேட்கும். “201தான் என்பதற்கு அடையாளம் காட்டு” என்று சேவையகம் திருப்பிக் கேட்கும். சரியான கடவுச்சொல்லைக் கொண்டு பதில் சொன்னால் பதிவாகிவிடும். அந்தத் தொலைபேசி அடுத்த அறையில் இருக்கிறதா, அடுத்த கண்டத்தில் இருக்கிறதா என்பதைச் சேவையகம் தானாகப் பார்ப்பதில்லை.

கள்ளன் செய்வது மூன்று காரியம். முதலில், இணையத்திலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டி, எந்த வாயிலில் சிப் பதில் வருகிறது என்று பார்க்கிறான். பிறகு, அந்தச் சேவையகத்தில் 100, 101, 102 என்று எந்தெந்த உள் இலக்கங்கள் உண்மையில் இருக்கின்றன என்று தேடுகிறான். இருக்கும் இலக்கத்திற்கு ஒரு பதிலும் இல்லாத இலக்கத்திற்கு வேறு பதிலும் சொல்வது அக்காலச் சேவையகங்களின் பழக்கம். “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று படலையடியில் நின்று நேர்மையாகச் சொல்வதும், கள்ளனுக்குப் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுப்பதும் இங்கே ஒன்றுதான். பின்னாளில் அஸ்ரரிஸ்க் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லும்படி மாற்றப்பட்டது. மூன்றாவதாக, கண்டுபிடித்த இலக்கத்திற்குக் கடவுச்சொற்களை ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். பார்க்கிறான் என்று சொல்வதுகூடப் பிழை. அவன் தூங்குகிறான்; அவனுடைய கணனி பார்க்கிறது.

இதற்கெல்லாம் பெரிய கெட்டித்தனம் வேண்டியதில்லை. சிப்விஷியஸ் என்ற கருவித் தொகுதி 2007இல் வெளியாகியது. நிறுவனங்கள் தமது சேவையகத்தைத் தாமே சோதித்துப் பார்க்கட்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் அதனைச் சந்த்ரோ கௌசி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டார். அந்தக் கருவி தட்டும்போது தன்னை “சிநேகமான தேடுநர்” என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதே கருவியை எடுத்து உலகெங்கும் தட்டத் தொடங்கியவர்கள் அந்தப் பெயரை மாற்றவும் மெனக்கெடவில்லை. பல சேவையகங்களின் பதிவேடுகளில் நள்ளிரவு வந்தவனின் பெயர் சிநேகமானவன் என்றே எழுதப்பட்டிருந்தது.

நாலு இலக்கக் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000. செக்கனுக்கு 50 வீதம் ஊகித்தால் எல்லாவற்றையும் போட்டு முடிக்க 200 செக்கன் போதும். ஒரு பானை தேநீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடும் வேலை.

யாருக்கு இலாபம்?

வெளிநாட்டுக்கு இலவசமாகப் பேசவேண்டும் என்ற ஆசையால் இதைச் செய்கிறார்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். அது சிறு பங்குதான். சில நாடுகளில் அதிக கட்டண இலக்கங்கள் உண்டு. அவற்றுக்கு அழைப்பு வந்தால், நிமிடத்திற்கு இவ்வளவு என்று அந்த இலக்கத்தை வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு போகும். கள்ளன் அவ்வாறான இலக்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, எமது சேவையகத்திலிருந்து அதற்கு விடாமல் அழைப்பு எடுக்கிறான். மறுமுனையில் ஒருவர் பேசவேண்டும் என்பதுகூட இல்லை. எமது பணம் தொலைபேசிக் கம்பனிகள் பலவற்றைக் கடந்து அவனுடைய கைக்குப் போய்ச் சேர்கிறது. வெள்ளிக்கிழமை இரவிலிருந்து திங்கட்கிழமை காலை வரைதான் அவனுக்கு அறுவடைக் காலம். அலுவலகத்தில் ஆள் இல்லை.

2009ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ஒரு சிறு வியாபார நிலையத்திற்கு நடந்ததை அந்நாட்டுப் பொலிசாரே வெளியிட்டார்கள். அதன் இணையத் தொலைபேசிக்குள் புகுந்தவர்கள் 46 மணித்தியாலத்தில் 11,000 சர்வதேச அழைப்புகளை எடுத்தார்கள். வந்த கட்டணம் 120,000 அவுஸ்திரேலிய டொலருக்கும் மேல். 2014 மார்ச்சில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள நோர்குரொஸ் என்ற ஊரில், ஏழு பேர் மாத்திரம் வேலை செய்யும் ஒரு கட்டடக்கலை நிலையத்தின் தொலைபேசிக்குள் புகுந்தவர்கள் ஒரே வார இறுதியில் 166,000 டொலர் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். கம்பியா, சோமாலியா, மாலைதீவு ஆகிய நாடுகளின் இலக்கங்களுக்கு அழைப்புகள் போயிருந்தன. அந்த ஏழு பேரும் வழக்கம்போலப் பேசி அவ்வளவு கட்டணம் ஏற்றவேண்டுமானால் 34 ஆண்டுகள் ஆகியிருக்குமாம்.

பிடிபட்டவர்களும் இருக்கிறார்கள். மியாமியில் இருந்த எட்வின் பெனா என்பவரும் வாஷிங்டன் மாநிலத்தின் ரொபர்ட் மூரும் இணையத் தொலைபேசிக் கம்பனிகளையே குறிவைத்தார்கள். ஒவ்வொரு கம்பனியும் தன் வாடிக்கையாளரின் அழைப்பை இனங்காண ஓர் இரகசிய முன்னிலக்கம் வைத்திருந்தது. வெவ்வேறு இலக்கங்களை முன்னால் போட்டு ஓயாமல் சோதனை அழைப்புகளை அனுப்பி, எது பொருந்துகிறது என்று ஊகித்தே உள்ளே புகுந்தார்கள். அப்படித் திருடிய 1 கோடிக்கும் மேற்பட்ட நிமிடங்களைப் பெனா மற்றவர்களுக்கு மலிவு விலைக்கு விற்றார். 2006இல் கைதானார்கள். மூருக்கு 2007இல் இரண்டு வருடச் சிறை. இடையில் நாட்டைவிட்டு ஓடி மெக்சிக்கோவில் பிடிபட்ட பெனாவுக்கு 2010இல் பத்து வருடம். வழியில் தங்களுக்கு அகப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை, தொழிற்சாலையில் போட்டுவிட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்தவை என்று மூர் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். அதை வாசித்தபோது எமது 201க்கு 201 என் நினைவுக்கு வந்தது.

எண்ணிக்கை பார்த்து விரட்டும் காவற்காரன்

இந்தத் தொல்லைக்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஃபெயில்டூபான் என்ற இலவச மென்பொருள். 2004இல் சிரில் ஜாக்கியே என்பவர் தொடங்கியது. அது செய்யும் வேலை மிக எளிது. சேவையகத்தின் பதிவேட்டை ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கும். ஒரே முகவரியிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பிழையான கடவுச்சொல் வந்தால், அந்த முகவரியிலிருந்து வரும் எதனையும் உள்ளே விடாதே என்று கணனியின் தீச்சுவருக்குச் சொல்லிவிடும். சிறிது நேரம் கழித்துத் தடையை எடுக்கும். எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

எமது இளைஞரும் அந்த இழப்பின் பின் இதனைப் போட்டார். பதிவேட்டில் ஆயிரமாக ஓடிய வரிகள் ஐந்து ஐந்தாகக் குறைந்தன. அதைக் கண்டு நான் நிம்மதியடைந்தேன். இரண்டு மாதம்தான். ஒரு நாள் கிளை அலுவலகம் முழுவதற்கும் தொலைபேசி செத்துப்போயிற்று. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினோம். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் தன் மேசைத் தொலைபேசியில் கடவுச்சொல்லைப் பிழையாகப் போட்டிருக்கிறார். அந்தத் தொலைபேசி தானாகத் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. காவற்காரன் எண்ணிக்கை பார்த்து விரட்டிவிட்டான். அந்த அலுவலகத்தின் எல்லாத் தொலைபேசிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியில்தான் தெரியும். ஒரு பிள்ளை திறப்பை மாற்றிப் போட்டதற்கு வீட்டார் எல்லோரும் வெளியே நின்றார்கள். நம்பிக்கையான முகவரிகளைத் தடை செய்யாதே என்று ஒரு பட்டியலில் எழுதிவைக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அழைப்புகளைக் கொண்டுபோகும் தொலைபேசிக் கம்பனியின் முகவரியையும் அதில் சேர்க்கவேண்டும்.

இது சிறு குறை. பெரிய குறை வேறு.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 10 நிமிடத்திற்குள் 5 பிழை விட்டால் 10 நிமிடத் தடை என்று வைத்திருக்கிறோம். நாலு இலக்கக் கடவுச்சொல்லை ஒரே இடத்திலிருந்து ஊகிப்பவன் ஐந்து ஐந்தாக 2,000 தடவை வரவேண்டும். அதற்கு 20,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 14 நாள். மூன்று நிமிடச் சொச்சம் 14 நாளாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அவனிடம் 1,000 முகவரிகள் இருந்தால்? ஒவ்வொன்றும் இரண்டு சுற்று வந்தால் போதும். 20 நிமிடத்தில் முடிந்துவிடும். 10 நிமிடத்திற்கு நாலு தடவை மட்டும் ஊகித்துவிட்டுப் பொறுமையாக இருப்பவனைக் காவற்காரன் ஒருபோதும் காண்பதேயில்லை.

1,000 முகவரிகளுக்கு எங்கே போவான் என்று கேட்கலாம். 2011 பெப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். சலிட்டி என்ற கணனிக் கிருமி பிடித்த கணனிகள், தம் சொந்தக்காரருக்குத் தெரியாமலேயே, ஏறக்குறைய 12 நாட்களில் இணையத்தின் முகவரிப் பரப்பு முழுவதிலும் சிப் சேவையகங்களைத் தேடித் தட்டின. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனைக் கவனித்துப் பின்னர் எழுதினார்கள். தட்டிய முகவரிகள் ஏறக்குறைய 30 இலட்சம். ஒவ்வொன்றும் தட்டியது மிகச் சில தடவைகள்தான். எண்ணிக்கை பார்த்து விரட்டுபவனுக்கு அங்கே எண்ணுவதற்கு எதுவுமில்லை.

இதனால் அந்தக் காவற்காரன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரைச்சல் குறையும், கணனிக்குச் சுமை குறையும், சோம்பேறிக் கள்ளன் வேறு வீடு பார்ப்பான். ஆனால் அவனை வைத்துவிட்டு இனிப் பயமில்லை என்று படுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். நிறுவித் தருபவர்கள் பலரும் இதனைப் போட்டுவிட்டு “பாதுகாப்புச் செய்தாயிற்று” என்று சொல்லிப் பணம் வாங்கிச் செல்வதைக் காண்கிறேன். சிலர் 5060 என்ற வாயிலை வேறு இலக்கத்திற்கு மாற்றிவிட்டு அதையே பாதுகாப்பு என்பார்கள். ஒழுங்கைப் பக்கம் இருந்த படலையைப் பின்வளவுப் பக்கம் வைத்ததற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

கடவுச்சொல்லிலிருந்துதான். “ஞாபகம் நிக்கிறமாதிரி” என்று நான் சொன்னது எவ்வளவு மடத்தனம் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். மேசைத் தொலைபேசியின் கடவுச்சொல்லை யாரும் நாளாந்தம் அழுத்துவதில்லை. ஒருமுறை கருவிக்குள் எழுதிவிட்டால் அது தானே வைத்துக்கொள்ளும். அப்படியிருக்க அது மனித ஞாபகத்தில் நிற்கவேண்டிய தேவை எங்கே இருக்கிறது? பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம் எல்லாம் கலந்து, எந்தச் சொல்லும் ஆகாதபடி, 16 எழுத்துகளைக் கணனியைக் கொண்டே தெரிவிக்கலாம். செக்கனுக்கு 1,000 வீதம் ஊகித்தாலும் அதைப் போட்டு முடிக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் போதாது. அந்த 30 இலட்சம் கணனிகளும் ஒன்றுசேர்ந்து வந்தாலும் நிலைமை மாறாது. காசு செலவில்லை, பராமரிப்பும் இல்லை. உள் இலக்கம் 201 ஆக இருக்கட்டும். சேவையகத்தில் அதன் கணக்குப் பெயரும் 201 ஆக இருக்கவேண்டும் என்றும் சட்டமில்லை.

அடுத்தது, உலகம் முழுவதற்கும் வாயிலைத் திறந்துவைக்க வேண்டுமா என்ற கேள்வி. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் தொலைபேசிகளுக்காக ஆபிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் எவரும் வந்து தட்டக்கூடிய வாயில் எதற்கு? உள்வீட்டு முகவரிகளையும் தொலைபேசிக் கம்பனியின் முகவரியையும் மட்டும் உள்ளே விட்டு மற்றெல்லாவற்றையும் தீச்சுவரிலேயே நிறுத்திவிடலாம். தூரத்துக் கிளை இருந்தால் அதற்கு விபிஎன் என்னும் தனிப் பாதை அமைக்கலாம். பெயர் சொல்லாத அழைப்பாளர்களையும் உள்ளே விடும் வழக்கம் பழைய அஸ்ரரிஸ்கில் இருந்தது, அதுவும் மூடப்படவேண்டும். அந்தப் பழைய சிப் பகுதியே 2023இல் வெளிவந்த அஸ்ரரிஸ்க் 21ஆம் பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பழையதையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதை மாற்றவேண்டும்.

சேவையகத்தை நிருவகிக்கும் பக்கத்தையும் மறக்கக்கூடாது. அஸ்ரரிஸ்கை இலகுவாக அமைப்பதற்கு ஃப்ரீபிபிஎக்ஸ் என்றொரு மென்பொருள் உண்டு. 2019இல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடவுச்சொல் எதுவுமே இல்லாமல் நிருவாகியாக உள்ளே போகக்கூடிய ஓட்டை. திருத்தம் வெளியிடப்பட்டது, பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வழியாக ஏறக்குறைய 1,200 நிறுவனங்களின் சேவையகங்கள் தாக்கப்பட்டதாகச் செக்பொயின்ற் பாதுகாப்பு நிறுவனம் 2020இல் அறிவித்தது. இடம்பெயர்ந்து போனபோது வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவர்கள் எம்மில் எத்தனையோ பேர். திரும்பி வந்து பார்த்தபோது பூட்டு அப்படியே தொங்கியது. ஓடும் தீராந்தியும் யன்னலும்தான் இல்லை. அனுபவித்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவேதான் கள்ளன் உள்ளே வந்துவிட்டால் அவனால் எவ்வளவு கொண்டுபோக முடியும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைக்கவேண்டும் என்கிறேன். பலரும் இதனைக் கடைசியாக நினைக்கிறார்கள். என் எண்ணத்தில் கடவுச்சொல்லுக்கு அடுத்ததாகவே இது வரவேண்டும். எமது நிலையத்திற்கு வெளிநாட்டு அழைப்புத் தேவையா? தேவையென்றால் எந்தெந்த நாடுகளுக்கு? கனடாவும் பிரித்தானியாவும் மட்டும் என்றால் அந்த நாடுகளின் குறியீடுகளை மட்டும் அனுமதித்துவிட்டு மற்றெல்லாவற்றையும் சேவையகத்திலும் மூடலாம், கம்பனிக்காரரிடம் சொல்லி அங்கேயும் மூடுவிக்கலாம். இரண்டு இடத்திலும் மூடுவதே நல்லது. எமது பக்கத்தில் புகுந்தவன் எமது பக்கத்து விதிகளை மாற்றிவிடக்கூடும். அலுவலகம் பூட்டிய பிறகு வெளிநாட்டு அழைப்பு எதுவும் போகாதபடி செய்யலாம். ஓர் இலக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு அழைப்புகளுக்கு மேல் போகாதபடி செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிற்கட்டணக் கணக்கு வைக்காமல் முற்கட்டணக் கணக்கே வைத்து, மாதத்திற்குத் தேவையானதை மட்டும் ரீலோட் செய்யலாம். பணம் குறைந்தால் வங்கி அட்டையிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியைச் சில கம்பனிகள் பெருமையாகச் சொல்லும். அதை நிறுத்திவையுங்கள். இல்லாவிடில் கள்ளன் இறைக்க இறைக்கக் கிணறு தானாக ஊறிக்கொண்டே இருக்கும்.

இங்கே கம்பனிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. “உங்கள் சேவையகத்தை நீங்கள்தான் காக்கவேண்டும், அழைப்பு உங்களிடமிருந்து போனது, கட்டணமும் உங்களுடையது” என்பது பொதுவாக அவர்கள் சொல்லும் நியாயம். அமெரிக்காவில் கடனட்டை களவு போனால் உரிமையாளர் பொறுக்கவேண்டிய தொகை 50 டொலருக்கு மேற்படாது என்று சட்டம் இருக்கிறது. நோர்குரொஸ் நிலையத்துக்கு 2014இல் அப்படியொரு வரம்பு கைகொடுக்கவில்லை. பேர்த் கணக்கைப் பாருங்கள்: 46 மணித்தியாலத்தில் 11,000 அழைப்பு என்றால் நிமிடத்திற்கு நாலு. ஒரு சிறு வியாபார நிலையம் இரவு பகல் ஓயாமல் நிமிடத்திற்கு நாலு வெளிநாட்டு அழைப்பு எடுப்பதைக் கண்டும் அழைப்புகளைத் தொடர்ந்து கொண்டுபோனவருக்கு அதில் பங்கில்லை என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. சேவையகத்தைக் காப்பது எமது கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் அசாதாரணமான அழைப்புகளைக் கண்டவுடன் நிறுத்திவைத்து ஒரு தகவல் அனுப்பும் வல்லமை அவர்களிடம் இருக்கிறது; ஒரு பழைய கணனியும் ஒரு பெடியனும் மட்டும் உள்ள சங்கத்திடம் அது இல்லை. புதிய கணக்குத் திறக்கும்போது வெளிநாட்டு வழிகளை மூடிய நிலையிலேயே கொடுப்பதும், வேண்டியவர் கேட்டுத் திறந்துகொள்வதும் கம்பனிகளுக்கு ஒன்றும் பாரமான வேலையல்ல. கணக்குத் திறக்கப் போகிறவர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவுக்கு மேல் செலவாக விடமாட்டோம் என்று எழுதித் தரக்கூடிய கம்பனியையே தெரிவுசெய்யவேண்டும், அதன் கட்டணம் நிமிடத்திற்குச் சில சதம் கூடுதலாக இருந்தாலும்.

சங்கங்களில் பொறுப்பாயிருப்பவர்கள் சேவையகத்தை அமைத்துத் தந்த பிள்ளையிடம் இந்தக் கிழமையே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தொலைபேசிகளின் கடவுச்சொல் எத்தனை எழுத்து? வெளியிலிருந்து எந்த முகவரிகள் உள்ளே வரலாம்? இன்றிரவு யாராவது புகுந்தால் திங்கட்கிழமை காலைக்குள் ஆகக்கூடியது எவ்வளவு பணம் போகும்? மூன்றாவது கேள்விக்கு ஒரு தொகையைச் சொல்ல முடியாமல் அவர் விழித்தால் அவரைக் கோபிக்க வேண்டாம். என்னிடம் அன்று கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

அந்த நிலையத்தின் பொறுப்பிலிருந்து நான் மாறி வந்துவிட்டேன். பழைய கணனி பழுதாகி வேறொன்று வந்துவிட்டது. அந்த இளைஞர் இப்போது வேறு சில நிலையங்களுக்கும் இதனை அமைத்துக் கொடுக்கிறார். அண்மையில் சந்தித்தபோது இன்னும் தட்டுகிறார்களா என்று கேட்டேன். “ஒவ்வொரு ராத்திரியும் பாதர். இப்ப தீச்சுவரோடயே நிக்கிறாங்கள்” என்றார். வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் பூட்டுமுன் கணக்கின் மீதியைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கும்படி காவலாளி ஐயாவுக்குப் பழக்கியிருக்கிறாராம். அந்தக் கொப்பி வாயில் மேசையில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.